வருண பகவானும் ஏரிக் கரையும்

ஐப்பசி அடைமழைக் காலம் நெருங்கிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை முதலிய உள்நாட்டு ஜில்லாக்களில் மழையைப் பற்றி யாராவது தலையங்கம் எழுதினால், அது மழை பெய்யவில்லை என்கின்ற புலம்பலாகத்தான் இருக்கும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது வழக்கம். கிணறு வற்றியது, மாட்டை விற்றது, பிழைக்கப் பெங்களூருக்குப் போனது என்பவைகளே அப்பக்கத்துச் செய்திகளாய் இருந்து வந்திருக்கின்றன. ஆனால் நாம் இவ்வாரம் எழுதப் புகுவது அதிக மழையைப் பற்றியும், அது கொண்டு வரும் திடீர் வெள்ளத்தைப் பற்றியுமாகும். 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் சில நாட்களில் அந்த ஜில்லாக்களில் நடந்தவை, முடிந்துபோன காரியம் என்று மறந்துவிடக் கூடியவையல்ல. அவை மறுபடியும் நடக்கக் கூடியவை. அப்படி நடக்கும்போது யார் சாவது, யார் பிழைப்பது என்பது வருண பகவான் முடிவு செய்கின்ற காரியமல்ல என்பதையும், அது பெரும்பாலும் முன்னதாகவே மனிதர்களால் முடிவு செய்து வைக்கப்பட்டிருக்கும் காரியம் என்பதையும் எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலில் நடந்ததைச் சொல்லுகின்றோம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையேறிய "பெஞ்சல்" என்னும் புயல், கரையேறியதும் ஓடிவிடாமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. மறுநாள் காலைக் கணக்கில் விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பிறகு அது வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தது. புயல் வலுக்குறைந்தது என்றால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது நம் மக்களின் இயல்பு. உண்மையில் குறைந்தது காற்றின் வேகமே தவிர மேகத்தின் சுமையல்ல. டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கின்ற கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும், தருமபுரி ஜில்லா அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஊத்தங்கரைப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கின்ற மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளில் விழுந்துவிட்டது.

50 சென்டிமீட்டர் என்றால் என்ன என்பதைக் கிராமத்துத் தோழர்கள் தங்கள் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு ஏக்கரில் மட்டும் விழுகின்ற தண்ணீர் சுமார் 20 லட்சம் லிட்டர் ஆகும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 கோடி லிட்டர் ஆகும். இத்தனையும் மண்ணுக்குள் போக முடியாது. மண் ஏற்கெனவே ஊறி இருக்கின்றது, மலைச்சரிவோ பாறையாக இருக்கின்றது. ஆகவே அது ஓடத்தான் வேண்டும். ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை ஆகியவைகளின் சரிவுகளிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும், மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குமாக வருகின்றது. பெரிய ஆற்றில் வெள்ளம் வருவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ அவகாசம் உண்டு. சிறிய ஓடையில் மழை பெய்த ஆறு மணி நேரத்திற்குள்ளாகவே வந்துவிடுகின்றது. இதைத்தான் திடீர் வெள்ளம் என்று சொல்லுவது. அதிலும் உள்நாட்டு ஓடை வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால், அதை ஒருவரும் ஓடை என்று நினைப்பதில்லை. அதில் மாடு கட்டுகின்றார்கள், குப்பை கொட்டுகின்றார்கள், சிலர் வீடு கட்டிக்கொள்ளுகின்றார்கள், சர்க்காரே சில இடங்களில் பஸ் நிலையமும் ஆபீசும் கட்டிக்கொள்ளுகின்றது. கடற்கரையில் இருப்பவனுக்காவது புயல் என்றால் கடலைப் பார்க்கும் பழக்கம் இருக்கின்றது. உள்நாட்டில் இருப்பவனுக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. படுத்து உறங்குகின்றான், விடிவதற்குள் வாசலில் தண்ணீர் நிற்கின்றது.

ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வெளியேறிய தண்ணீர், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் சருகு போல இழுத்துக்கொண்டு போனதை நாடு முழுவதும் படமாகப் பார்த்தது. ஓடுகின்ற தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே வயது வந்த ஆளின் காலை வாரிவிடும். ஒரு அடி இருந்தால் சிறிய காரை மிதக்க வைத்துவிடும். இரண்டு அடி போதும், பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். இது தெரியாமல் தரைப்பாலத்தில் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிப் போய் உயிரை விடுகின்றவர்கள் வருஷந்தோறும் இருக்கின்றார்கள். "போன வருஷம் இதே தண்ணியிலேதான் போனேன்" என்பதே அவர்களுடைய கடைசி வாதமாய் இருக்கின்றது.

அதே டிசம்பர் 2-ந் தேதி விடிவதற்கு முன், தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 47 லட்சம் லிட்டர் என்று அர்த்தம். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் ஆற்றோரக் கிராமங்கள் முழுகின. அரசூர் அருகே சென்னை - திருச்சி பெருஞ்சாலையின் மேல் வெள்ளம் ஓடிற்று. திருவண்ணாமலை ஜில்லாவில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து மூன்றே மாதம் ஆகியிருந்த பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அணையை அறிவிப்பின்றித் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சியாரும், ஐந்து முறை எச்சரித்த பிறகே திறந்தோம் என்று சர்க்காரும் சொன்னார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லுவது நமது வேலையல்ல. ஐந்து முறை எச்சரித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுவோம். அந்த ஐந்தும் யார் காதில் விழுந்தன என்பதுதான் நமது கேள்வி. இதைப்பற்றிப் பின்னால் சொல்லுகின்றோம்.

திருவண்ணாமலையில் நடந்தது மிகவும் துக்ககரமானது. டிசம்பர் 1-ந் தேதி மாலை அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். இறந்தவர்கள் குடியிருந்த இடம் சாமான்யமான இடமல்ல. நினைத்தாலே முக்தி தருவது என்று புராணம் சொல்லுகின்ற மலை அது. மலையே கடவுள் என்று லட்சக்கணக்கான ஜனங்கள் பவுர்ணமிதோறும் சுற்றி வருகின்ற மலையும் அதுதான். அந்தக் குழந்தைகளைக் கேலி செய்வதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அப்படி நினைப்பவன் மனிதனே அல்ல. ஆனால் மலை கடவுளானால் அது ஐந்து குழந்தைகளைக் கொன்ற கடவுளாகும். கடவுள் கொல்ல மாட்டார் என்றால் மலை கடவுளல்ல, மண்ணும் கல்லுமே ஆகும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டாமா என்று கேட்கின்றோம்.

இதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ந் தேதி வந்தது. மலைமேல் ஜனங்களை ஏற விடலாமா, கூடாதா என்கின்ற கேள்வி பிறந்தது. இதை யாரிடம் கேட்டார்கள்? அருணாசலேசுவரரிடம் கேட்டார்களா? சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தார்களா? ஜோசியரிடம் கேட்டார்களா? இல்லை. மண்ணியல் நிபுணர்களை அழைத்து வந்து மலையைச் சோதிக்கச் செய்தார்கள். மண் இளகி இருக்கின்றது என்று அறிந்து, கொப்பரையும் நெய்யும் கொண்டுபோக வேண்டிய ஆட்களைத் தவிரப் பக்தர்கள் ஏறக்கூடாது என்று சர்க்கார் தடை செய்தது. இது மிகவும் சரியான காரியம், நாம் மனப்பூர்வமாகப் பாராட்டுகின்றோம். ஆனால் நமக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. தீபம் ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு மலையைச் சோதிக்க நிபுணர் கிடைத்தார்களே, அடிவாரத்தில் மனிதர்கள் வீடு கட்டிக் குடியேறிய இத்தனை வருஷங்களில் ஒரு நிபுணரும் கிடைக்கவில்லையா? விளக்குக்கு இருக்கின்ற மதிப்பு குழந்தைக்கு இல்லையா?

நிற்க, மழைக்கும் கடவுளுக்கும் உள்ள சம்பந்தத்தை நமது சர்க்கார்களே எப்படி நடத்தி வந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2019-ம் வருஷம் நாட்டில் கடும் வறட்சி. சென்னைப் பட்டணத்து ஏரிகள் வற்றிக் குடிதண்ணீருக்கு ஜனங்கள் தவித்தார்கள். அப்போது அறநிலையத் துறையிலிருந்து பெரிய கோயில்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை போயிற்று. மழை வேண்டி வருண ஜபம் செய்ய வேண்டும், யாகம் வளர்க்க வேண்டும், நாதசுரம், புல்லாங்குழல், பிடில், வீணை ஆகியவைகளில் அமிர்தவர்ஷினி முதலிய ராகங்களை வாசிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. சர்க்கார் காகிதத்தில், சர்க்கார் முத்திரையோடு, ராகத்தின் பெயர் போட்டு மழைக்கு உத்தரவு போன நாடு உலகத்தில் வேறு இருக்கின்றதோ என்னவோ நமக்குத் தெரியாது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் மந்திரிகளே கோயில்களில் உட்கார்ந்து யாகம் நடத்தினார்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். யாகத்தினால் மழை வரும் என்றால், ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்வதற்கு யாகம் செய்தது யார்? அவரைப் பிடித்து விசாரிக்க வேண்டாமா? ராகம் வாசித்து மழையை அழைக்க முடியுமானால், போதும் என்று நிறுத்துவதற்கு எந்த ராகம்? மயிலத்தில் அன்று அதை வாசித்திருக்கக் கூடாதா? மழை வந்தால் யாகத்தின் பலன், வராவிட்டால் ஜனங்களின் பாவம், அதிகமாய் வந்தால் இயற்கையின் சீற்றம் என்று மூன்று பக்கமும் தப்பிக்க வழி வைத்துக்கொண்டு நடத்துகின்ற வியாபாரம் இதைப்போல் வேறு ஒன்று உண்டா? வடக்கே போபால் நகரத்தில் இதே 2019-ல் நடந்த ஒரு வேடிக்கையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். மழை வரவேண்டுமென்று ஜூலை மாதம் இரண்டு தவளைகளுக்குக் கலியாணம் செய்து வைத்தார்கள். மழை வந்தது, நிற்கவில்லை, வெள்ளமாயிற்று. செப்டம்பர் மாதத்தில் அந்தத் தவளைத் தம்பதிகளுக்கு விவாகரத்து செய்து வைத்தார்கள். மனிதப் பெண் ஒருத்தி விவாகரத்து கேட்டால் சாஸ்திரம் இடம் கொடுக்காது என்று கூச்சலிடுகின்ற வைதிகம், தவளைக்கு மட்டும் எவ்வளவு சுலபமாக இடம் கொடுத்துவிட்டது பாருங்கள்!

இவைகளெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடிய காரியங்கள்தான். ஆனால் இந்தப் புத்தியின் மற்றொரு பக்கம் சிரிப்புக்குரியதல்ல. 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்து பல ஆயிரம் பேர் மாண்டபோது, அது தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் அளித்த தண்டனை என்று காந்தியார் நமது திருநெல்வேலியில் நின்று பேசினார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நல்லதே. ஆனால் கவி தாகூர் அதை மறுத்துச் சொல்லும்படி ஆயிற்று. தீண்டாமை அனுஷ்டித்தவன் ஒரு பக்கமிருக்க, தீண்டப்படாதவனும் சேர்ந்தல்லவா செத்தான்! 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோதும், சபரிமலைக்குப் பெண்கள் போகக் கோர்ட்டில் வழக்காடியதுதான் காரணமோ என்று பெரிய பதவியில் இருக்கின்ற படித்த மனிதர்களே எழுதினார்கள். தண்டனை என்று ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு அவன் கேள்வி கேட்க மாட்டான். கலிங்கு ஏன் அடைபட்டிருந்தது, மதகின் பலகை எங்கே போயிற்று, வாய்க்கால் யாருடைய பட்டாவுக்குள் புகுந்துகொண்டது என்று கேட்க மாட்டான். ஆகவே "தண்டனை" என்கின்ற வார்த்தையினால் லாபம் அடைகின்றவர்கள் புரோகிதர்கள் மட்டுமல்ல. காண்டிராக்டரும், ஆக்கிரமிப்பு செய்தவனும், கண்ணை மூடிக்கொண்ட உத்தியோகஸ்தனும் அதில் பங்காளிகளாவார்கள்.

இனி ஏரிக்கு வருவோம். இந்த மாகாணத்தில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனி ஏரிகளல்ல, சங்கிலி போல ஒன்றன் கீழ் ஒன்றாகக் கட்டப்பட்டவை. மேல் ஏரி நிறைந்தால் கலிங்கு வழியாய் வழிந்து, வாய்க்கால் வழியாய்க் கீழ் ஏரிக்குப் போக வேண்டும். கலிங்கு அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். மண் கரைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை நிற்காது. மேல் ஏரி ஒன்று உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழ் ஏரியில் விழும், அதுவும் உடையும், அதற்குக் கீழே உள்ளதும் உடையும். 1903 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அப்போது மேலே மைசூர் ராஜ்யத்தில் கோலார் பக்கத்து ஏரிகள் உடைந்ததே அதற்குக் காரணமென்று சொல்லப்பட்டது. வாணியம்பாடியும் கடற்கரை ஊரல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

"ஏரி வெட்டியவர்கள் கோயில் கட்டிய ராஜாக்கள்தானே, அவர்களுடைய பக்தியினால்தானே ஏரி வந்தது" என்று சில வைதிகர்கள் கேட்பதுண்டு. ராஜா பக்திமானாய் இருந்திருக்கலாம். ஏரியை வெட்டியது மண்வெட்டி. வெட்டியவன் கூலியாள். உத்திரமேரூரில் கி.பி. 919, 921-ம் வருஷத்துக் கல்வெட்டுகளில் "ஏரி வாரியம்" என்று ஒரு கமிட்டி இருந்ததாகப் பெருமையாகச் சொல்லுகின்றார்கள். இருந்தது உண்மைதான். அதில் அங்கத்தினராவதற்கு என்ன யோக்கியதை வேண்டும் என்பதும் அதே கல்லில் எழுதியிருக்கின்றது. வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். கரையில் கூடை சுமந்தவனுக்கு அந்தக் கமிட்டியில் இடமில்லை. ஆயிரம் வருஷத்திற்குப் பிறகு 1858-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் செய்தது. அதன்படி ஏரிக் கரை உடைகின்ற ஆபத்து வந்தால் கிராமத்து உழைப்பாளிகளைப் பிடித்து வேலை வாங்கலாம். அந்தச் சட்டத்திலும் கூடை சுமக்கின்றவனுக்குக் கட்டாயம் இருந்தது, கமிட்டி மட்டும் இல்லை.

கிராமங்களில் ஏரிக் கரையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைக் கேட்டால் நமக்கு உடம்பு நடுங்குகின்றது. கரை நிற்கவில்லை, அம்மன் பலி கேட்டாள், சூல் கொண்ட பெண்ணைக் கொடுத்தார்கள், அல்லது தாழ்ந்த ஜாதிப் பையனைக் கொடுத்தார்கள், கரை நின்றது என்பதாக ஊருக்கு ஒரு கதை இருக்கின்றது. வெள்ளத்தில் மூழ்கி மதகைத் திறக்கப் போனவன் திரும்பி வராமல் செத்து, மடைக் கருப்பு என்று கல்லாய் நிற்கின்ற இடங்களும் இருக்கின்றன. இவை நடந்தனவோ கற்பனையோ, நாம் அறியோம். கதையின் புத்தி எந்தப் பக்கம் போகின்றது என்பது மட்டும் தெளிவாய்த் தெரிகின்றது. எந்தக் கதையிலாவது ஊர்க் கவுண்டரின் மகனையோ, குருக்களின் மகனையோ பலி கொடுத்ததாக இருக்கின்றதா? உயிரோடு இருந்தபோது கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவனை, செத்த பிறகு சாமி என்று கும்பிடுவது மரியாதையா? கரையைப் பழுது பார்க்காத குற்றத்தை மறைப்பதற்கல்லவா இந்தப் பொங்கலும் படையலும்!

இன்றைக்குப் பலி கொடுக்கின்ற முறை வேறு. எந்தக் கிராமத்திற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும். ஊரின் சாக்கடை அந்தப் பக்கம்தான் போகும், ஏரியின் கலிங்குத் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் போகும். மழைக்கு ஜாதி தெரியாது என்று சிலர் வேதாந்தம் பேசுகின்றார்கள். தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகின்றது, பள்ளத்தில் யாரைக் குடிவைத்தோமோ அவன் வீட்டில் முதலில் நுழைகின்றது. சர்க்கார் பட்டா கொடுக்கின்றபோதும் நல்ல மேட்டு நிலம் முன்னமே யாருக்கோ சொந்தமாயிருக்கும். மீதி இருக்கின்ற ஓடைப் புறம்போக்கும் ஏரி உள்வாயும்தான் ஏழைக்குக் கிடைக்கின்றது, அல்லது அவனாகவே போய்க் குடிசை போட்டுக்கொள்ளுகின்றான். பிறகு வெள்ளம் வந்தால் "ஆக்கிரமிப்புக்காரன்" என்று அவன் பெயரைத்தான் முதலில் சொல்லுகின்றார்கள். அதே ஓடையை வளைத்துக் கல்லூரியும் கலியாண மண்டபமும் பெட்ரோல் பங்கும் கட்டியவன் ஆக்கிரமிப்புக்காரன் அல்ல, கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிய கனவான்!

நிவாரணத்தின் யோக்கியதையும் இதுதான். 2004 டிசம்பர் சுனாமியின்போது நாகப்பட்டினம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்ட மக்களை முகாம்களில் சேர்க்க மறுத்ததும், தண்ணீர்த் தொட்டியில் தொடவிடாததும் அப்போதே வெளியுலகம் அறிந்த செய்திகள். உயிருக்கு ஓடி வந்து ஒரே கூரையின் கீழ் நிற்கின்றபோதும் ஜாதி நனையாமல் கூடவே வருகின்றது. 2024 வெள்ளத்தில் சர்க்கார் பாதிக்கப்பட்ட ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் கொடுத்தது. கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஆடு இரண்டு போய், நெல் மூட்டை போய், பிள்ளையின் பள்ளிக்கூடப் புத்தகமும் போனவனுக்கு 2000 ரூபாய் எத்தனை நாளைக்கு? விழுப்புரம் ஜில்லாவில் பார்க்கப் போன ஒரு மந்திரியின் மேல் ஜனங்கள் சேற்றை வீசினார்கள் என்ற செய்தி வந்தது. சேறு வீசுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தச் சேறு அவர்கள் வீட்டுக்குள் இருந்து எடுத்த சேறு என்பதையும் நினைக்க வேண்டும்.

இப்போது எச்சரிக்கை விஷயம். முன்பெல்லாம் ஏரி நிறைந்தால், ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்டோரா போடுவார்கள். தண்டோரா போடுகின்றவன் யார்? சேரியிலிருந்து வருகின்றவன். கொட்டும் மழையில் பறையை அடித்துக்கொண்டு ஊர்த் தெருவெல்லாம் "வெள்ளம் வருகிறது" என்று கூவுவான். ஊரைக் காப்பாற்றிவிட்டுக் கடைசியாகத் தன் குடிசைக்குப் போவான், அது போயிருக்கும். இந்த இழிவு கூடாதென்று 2022 ஆகஸ்டில் சர்க்கார் தண்டோராவை நிறுத்தும்படி உத்தரவிட்டது. நாம் அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கின்றோம். ஆனால் இழிவு தீர்ந்ததோடு அறிவிப்பும் சேர்ந்து தீர்ந்துவிடக் கூடாதல்லவா? இன்று எச்சரிக்கை செல்போனில் வருகின்றது. மழையில் முதலில் போவது மின்சாரம், பிறகு போவது செல்போன் கோபுரம். கூலிக்குப் போய்வந்து படுத்த கிழவிக்கு, எழுத்துத் தெரியாதவளுக்கு, இரவு இரண்டு மணிக்கு அந்த எச்சரிக்கையைப் படித்துச் சொல்லுவது யார்? ஐந்து முறை எச்சரித்தோம் என்று சர்க்கார் சொல்லுகின்றதே, அந்த ஐந்தில் ஒன்றாவது சங்கு ஊதி வந்ததா, ஒலிபெருக்கியில் வந்ததா? அதைத்தான் நாம் கேட்டோம்.

அறிவு இல்லாமல் இல்லை. இந்திய வானிலை இலாகா 1875-லிருந்து இருக்கின்றது. ஒரு நாளில் 6½ சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 11½-க்கு மேல் போனால் மிகக் கனமழை, 20½ சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை என்று அது வகுத்து வைத்திருக்கின்றது. திடீர் வெள்ளம் எந்தச் சிற்றோடைப் பகுதியில் வரக்கூடும் என்பதை ஆறு மணி நேரம் முன்னதாகவும், பொதுவான அபாயத்தை ஒரு நாள் முன்னதாகவும் சொல்லுவதற்கு 2020 அக்டோபரிலிருந்து தெற்காசிய நாடுகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒரு ஏற்பாடும் நடத்துகின்றது. பூமி சூடேறச் சூடேறக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கின்றது, ஒரு டிகிரி சூட்டுக்கு நூற்றுக்கு 7 வீதம் என்பது கணக்கு. ஆகவே ஊத்தங்கரை மழை போன்றவை இனி அதிசயமாய் இராமல் அடிக்கடி வரக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். சாஸ்திரிகள் வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் படித்து இத்தனை மரக்கால் மழை என்று சொல்லுகின்றார்களே, எந்தப் பஞ்சாங்கத்திலாவது டிசம்பர் 1-ந் தேதி இரவு அரூருக்கு 33 சென்டிமீட்டர் என்று போட்டிருந்ததா? வானிலை இலாகா சில வேளை தப்பிப் போகின்றது என்று சிரிக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். அது தப்பினால் ஏன் தப்பிற்று என்று ஆராய்ந்து திருத்திக்கொள்ளுகின்றது. பஞ்சாங்கம் தப்பினால் அடுத்த வருஷமும் அதே விலைக்கு விற்கின்றது.

குறை என்னவென்றால் இந்த அறிவு ஜில்லாத் தலைநகரோடு நின்றுவிடுகின்றது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு மழைமானி வைப்பதற்கு என்ன செலவு ஆகிவிடும்? ஒரு கும்பாபிஷேகத்தின் வாணவேடிக்கைக்கு ஆகின்றதைவிட மிகக் குறைவாகவே ஆகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துக் குறித்து வைக்கக் கூடிய எளிய கருவி அது. மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மாலை ஆறு மணிக்கு 10 சென்டிமீட்டர் என்று தெரிந்தால், கீழ் ஏரிக்காரன் இரவு விழித்திருக்கலாம். கரையைக் காவல் காக்க இன்ன ஜாதிக்காரன்தான் என்று இல்லாமல், எந்த ஜாதியாரையும் மாதச் சம்பளத்திற்கு வைத்து, கையில் ஒலிபெருக்கியும் விளக்கும் மழைக்கோட்டும் கொடுத்துச் சர்க்கார் வேலையாள் ஆக்க வேண்டும். கோயில் மண்டபங்களும் மடங்களும் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கின்றன. மழைக்கால இரவுகளில் அவைகளின் கதவைச் சேரி மக்கள் உட்பட எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமென்று சட்டம் செய்ய வேண்டும். சாமிக்கு அதனால் தீட்டு வரும் என்பவர் யாராவது இருந்தால், அவர் எழுத்து மூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நாம் அதை இப்பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராய் இருக்கின்றோம்.

சர்க்காரை மட்டும் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டுவிட நமக்கு மனமில்லை. நமது சங்கங்களில் வருண ஜபத்தைக் கேலி செய்து பேசினால் கைதட்டல் பலமாய் விழுகின்றது. அப்படிக் கைதட்டுகின்றவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஊர் ஏரியின் கலிங்கு எங்கே இருக்கின்றது என்று தெரியும்? எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் நீச்சல் கற்றுக் கொடுத்திருக்கின்றார்கள்? பெண் தண்ணீரில் இறங்கினால் மானம் போய்விடும் என்கின்ற எண்ணம் பகுத்தறிவுக்காரர் வீட்டிலும் இருக்கின்றதை நாம் பார்த்திருக்கின்றோம். வாய்க்காலில் இரண்டு முழம் தன் வயலோடு சேர்த்து ஓட்டிக்கொண்ட நமது தோழர்களும் இல்லாமலில்லை. அவர்களுக்கு நாம் தனியாகக் கடிதம் எழுதப் போவதில்லை, இதையே கடிதமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே உள்நாட்டு ஜில்லாச் சங்கங்களுக்கு நாம் தெரிவித்துக்கொள்ளுவதாவது: தீபாவளி வருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களுமாகச் சேர்ந்து மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரி வரையில் வாய்க்காலோடு நடந்து போக வேண்டும். கலிங்கின் வாயில் மரமும் முள்ளும் முளைத்திருந்தால் அன்றைக்கே வெட்ட வேண்டும். மீன் குத்தகைக்காரன் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கியிருந்தால் அதை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்க மறுத்தால் தாசில்தாருக்கு மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் எலி வளையும் நண்டு வளையும் கரையான் புற்றும் இருக்கின்ற இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். புற்றுக்குப் பால் வார்க்கின்றவர்கள் இருந்தால் சண்டை போட வேண்டாம், புற்றின் வழியாகத்தான் கரைக்குள் தண்ணீர் புகும் என்று விளக்கிச் சொன்னால் போதும். கலிங்குத் தண்ணீர் போகும் பாதையில் எத்தனை வீடுகள், அவைகளில் நடக்க முடியாத கிழவர், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், கைக்குழந்தைகள் எத்தனை பேர், அவர்களை இரவில் தூக்கி வரப்போவது யார் யார் என்று பெயர் பெயராய் எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து ஆபீசிலும், மற்றொன்றைப் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிவிட்டு, மூன்றாவது பிரதியை நமக்கு அனுப்பினால், வந்த ஊர்களின் பெயர்களையும் வராத ஊர்களின் பெயர்களையும் வாராவாரம் வெளியிடுவோம்.